மாமிக்குப் பங்கில்லை

கண்டக்குழியில் மே மாதம் காற்று எழும்பினால் மீன்பிடிப் போட்டுகள் கரையேறும், வெள்ளைக்காரர் வந்திறங்குவார்கள். மீன்பிடிக்காரன் கடலைப் பார்த்துக் கைகட்டி இருக்கிற அதே காற்றில் அவர்கள் கரையோரக் களப்புத் தண்ணிக்குள் பெரிய பட்டங்களைக் கட்டிப் பலகையில் சறுக்குவார்கள். நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருசத்துக்குள் அவர்களுக்கென்று கரை நெடுக ஓலைக்குடில் விடுதிகள் முளைத்தன. அதற்கு முதல் மணலும் எருக்கலையும் கிடந்த வளவுக்கெல்லாம் கொழும்பிலிருந்து ஆட்கள் அளவு நாடாவோடு வந்தார்கள். அளவு நாடா வந்த வீட்டில் அண்ணன் தம்பி ஒன்றாகச் சோறு தின்றதை நான் காணவில்லை.

தோமஸின் வளவுக்கும் வந்தார்கள். அந்த வளவில் இரண்டு வீடு. ஒன்றில் தோமஸ், மனைவி மெரினா, அவர்களுடைய ஒரே பிள்ளை நிலானி, ஒன்பது வயசு. மற்றதில் தோமஸின் அக்கா யூஜீனியா தனியாக இருந்தாள். நிலானிக்கு மாமி, அதோடு ஞானத்தாயும் அவள்தான். யூஜீனியா பதினாலு வருசம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். கலியாணம் கட்டுகிற வயசெல்லாம் அங்கே யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை வாரி இழுத்துக் கழிந்தது. அந்தக் காசில் வாங்கிய வளவு அது. காணி உறுதி எழுதுகிற நேரம் அவள் ஊரில் இல்லை, தம்பியின் பேரில் எழுதினார்கள். அதற்கென்ன, தம்பிதானே என்று விட்டுவிட்டாள். அந்த மனுசிக்கு நல்ல மனசு இருந்த அளவுக்குப் புத்தி இருக்கவில்லை.

தோமஸ் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். புது என்ஜினை லீசிங்கில் எடுத்தான், அந்த வருசம் பார்த்து மீன் பொய்த்தது. கட்டுக்காசு கேட்டு லீசிங் பெடியன் மோட்டார்சைக்கிளில் வந்து கேட்டடியில் நின்றால், தோமஸ் குசினி அடுப்படியில் பதுங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்புவான். அப்பா கடலுக்குப் போயிட்டார் எண்டு சொல்லு. ஒரு போட்டும் இறங்காத காற்றுக்காலத்தில் கடலுக்காம்! நிலானி முதல் தரம் போய், “அப்பா கடலுக்குப் போயிட்டார் எண்டு சொல்லச் சொன்னவர்” என்று சொல்லிவிட்டு வந்து தலையில் குட்டு வாங்கினாள். பிறகு பழகிவிட்டாள். முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல் சொல்லுவாள். பெடியனும் பாவம், தலையாட்டிவிட்டுப் போவான்.

இதற்குள் அந்த அளவு நாடா வந்தது. கடன் அடைத்தால் போதும் என்று தொடங்கிய கதை, ஒரு கிழமைக்குள் வேறு கதையாகிவிட்டது. மெரினாவின் கண்ணுக்குள் சிலாபத்தில் ஒரு மாடிவீடு வந்து குடியிருந்தது. தோமஸின் தலைக்குள் வேன் ஒன்று ஓடத் தொடங்கியது. இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் யூஜீனியாவின் வீடு நிற்கிற துண்டும் சேர்ந்து போக வேண்டும், காசும் முழுசாக ஒரு கைக்கு வர வேண்டும்.

நிலானிக்கு இந்த வேனும் தெரியாது, மாடியும் தெரியாது. அவளுடைய நினைப்பு முழுக்க ஒரு மெழுகுதிரியில் இருந்தது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் கொளுத்திய மெழுகுதிரியை ஞானத்தாய் அணைத்துக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைப்பாள். பிள்ளை வளர்ந்து முதல் நன்மை என்று பூசையில் முதல் தரம் அப்பம் வாங்குகிற நாளில் அதே திரியைக் கொண்டுவந்து கொளுத்திப் பிள்ளையின் கையில் கொடுத்து, தோளில் கை வைத்துப் பின்னால் நிற்பாள். நிலானியின் திரி மாமியின் அலுமாரிக்குள் ஒரு துவாயில் சுற்றிக் கிடந்தது. அரைவாசி எரிந்தது. நினைத்த நேரம் ஓடிப்போய் அதைக் காட்டச் சொல்லுவாள். மாமி எடுத்துக் காட்டி, முதல் பாதி நான் பிடிச்சு எரிஞ்சது மகள், மிச்சம் உன்ர கையில எரியும் என்று சொல்லுவாள். உடுப்பும் மாமிதான் தைத்தாள், குவைத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைத் துணியில்.

முதல் நன்மைக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், பின்னால் நிற்கப்போகிற ஞானத்தாய்மாரின் பேர்களை எழுதினார். எழுதிக்கொண்டே விளக்கமும் சொன்னார். ஒரு கோயிலுக்குரிய சனம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பங்கு. அதனால்தான் சாமியாரைப் பங்குத்தந்தை என்கிறோம். நம்முடைய பங்கில் இல்லாதவர் சும்மா வந்து நிற்க ஏலாது. அவர் தன்னுடைய பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். நிலானி பெருமையாக யூஜீனியா மாமியின் பேரைக் கொடுத்தாள்.

அன்று பின்னேரமே வளவில் சண்டை வெடித்தது. கவிழ்த்துப் போட்ட போட்டின் நிழலில் நிலானி சிப்பி அடுக்கிக்கொண்டு இருந்தாள். பெரியவர்கள் அவளைக் காணவில்லை, கண்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் காது இல்லை என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு.

“வித்தா வில்லு. என்ர பங்கைத் தந்திட்டு வில்லு” என்றாள் யூஜீனியா.

அக்காவை அதுவரை நீங்கள் என்று கதைத்தவன் தோமஸ். “உனக்கு என்ன பங்கு? உறுதியில ஆருடைய பேர்? உனக்குப் பங்கில்ல.”

“நான் ஃபாதரட்டப் போய்ச் சொல்லுவன்.”

“போ. ஃபாதர் வந்தாலும் பிசப் வந்தாலும் பங்கில்ல எண்டா இல்லதான்.”

நிலானியின் கையிலிருந்த சிப்பி விழுந்தது. பங்கு என்றால் அவளுக்கு இரண்டு தெரியும். கடலுக்குப் போய் வந்து மீனைப் பிரிக்கிற பங்கு ஒன்று. ஆனால் அது போட்டில் போகிற ஆம்பிளைகளுக்கு. மாமி கடலுக்குப் போகிறவள் இல்லையே. அப்படியென்றால் மற்றப் பங்குதான், சிஸ்டர் காலையில் சொன்ன பங்கு. ஃபாதர், பிசப் என்று அப்பா சொன்னதும் அதற்குச் சரியாகப் பொருந்தியது. மாமியைக் கோயில் பங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பங்கில்லாதவள் ஞானத்தாயாக நிற்க ஏலாது. பிள்ளை போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை, பாருங்கள். வளவு ஒன்றுதான் அதில் இல்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் தோமஸ் இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்ளுக்கம்பி இழுத்தான். அங்கால போகாத, அவவோட கதை வச்சுக்கொள்ளாத என்று மெரினா சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, போய்ப் படி என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையோடு யாரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. தாயும் தகப்பனும் குசினிக்குள் குசுகுசுப்பார்கள், அவள் போனால் வாயை மூடுவார்கள். இல்லாவிட்டால் ஃபோனில் அந்தக் கொழும்பு ஆளோடு கதைப்பார்கள். பள்ளிக்கூடத்தால் வந்து தானே சோறு போட்டுத் தின்றுவிட்டு, நிலானி கம்பியடியில் போய்க் குந்தியிருப்பாள். அந்தப் பக்கம் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்கும். அது தன்னுடைய உடுப்புத்தான் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் நிற்கும், திரும்ப ஓடும். காற்று பலமாக வீசுகிற நாளில் அதுவும் கேட்காது. வீட்டில் ஆட்கள் இருக்கும்போது தனியாக இருப்பது அந்தப் பிள்ளைக்குப் புதுசு, அதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்பீர்கள். யாரிடம்? சிஸ்டரிடம் கேட்டால் பேரை வெட்டிவிடுவார் என்று பயம். அப்பாவிடம் கேட்டால் குட்டு. யூஜீனியாவோ, அது வேறு இது வேறு என்று வைத்திருந்தாள். வளவுச் சண்டைக்குள் கோயிலை அவள் கொண்டுவரவில்லை. தம்பி என்ன சொன்னாலும் அன்றைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பின்னால் நிற்பதென்றுதான் மெசினை மிதித்துக்கொண்டு இருந்தாள். புத்தளத்து லோயரைக் கொண்டு தோமஸ் எழுதுவித்த கடிதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி, கடைசிக் கிழமை புதன்கிழமை பதிவுத் தபாலில் வந்தபோதும் அவள் அந்த எண்ணத்தை மாற்றவில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உடுப்புக்குப் பின்னல் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மெரினா சந்திக் கடைக்குப் போன நேரம், நிலானி கடற்கரையால் சுற்றி மாமி வீட்டுக்குப் போனாள். அவள் அங்கு போனது ஒன்றுக்காகத்தான். பங்கில்லாத மாமி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து நிற்க, எல்லாருக்கும் முன்னால் சிஸ்டர் வெளியே போகச் சொன்னால் மாமிக்கு வெட்கமாகப் போகும். அதற்கு முதல் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு அன்பு மாமியில்.

யூஜீனியா அவளைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள். வர விடமாட்டினம் எண்டெல்லோ நினைச்சன் என்றாள். கையைத் தூக்கச் சொல்லி உடுப்பைப் போட்டுவிட்டு, கீழே குந்தி விளிம்பில் ஊசி குத்தினாள். நிலானி சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“மாமி, நீங்க கோயிலுக்கு வரவேணாம். உங்களுக்குப் பங்கில்லையாம்.”

ஊசி குத்திய கை அப்படியே நின்றது. “ஆர் சொன்னது?”

“அப்பா.”

“என்னட்டச் சொல்லச் சொல்லி விட்டவரா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தானாகக் கம்பி சுற்றி வந்தது தெரிந்தால் அம்மா அடிப்பாள். அதோடு கேட்டடியில் நின்று அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. “ஓம்” என்றாள் நிலானி.

மாமியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பிள்ளைக்குத் தாங்கவில்லை, வழி ஒன்று இருப்பதைச் சொன்னாள். “கடிதம் வந்தாச் சரி மாமி. கடிதம் இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.”

“கடிதமா?” என்றாள் யூஜீனியா. “அதுதான் வந்திட்டுதே மகள். புதன்கிழமையே வந்திட்டுது.”

நிலானி சிரித்தாள். மூன்று கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. வந்திட்டுதா, வந்திட்டுதா என்று இரண்டு தரம் கேட்டு வெள்ளை உடுப்போடு ஒரு சுற்றுச் சுற்றினாள். யூஜீனியா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு உடுப்பைக் கழற்றி வாங்கி விளிம்பைத் தைத்து முடித்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். அலுமாரியைத் திறந்து, துவாயில் சுற்றிய திரியையும் எடுத்து உடுப்போடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

“இது நீங்கதானே கொண்டு வரவேணும்?” என்று கேட்டாள் நிலானி.

“நீ கொண்டு போ மகள்” என்று மட்டும் சொன்னாள் மாமி.

வீட்டில் மெரினா உடுப்பைக் கண்டு ஏசுவாள் என்று பயந்தாள். மெரினா ஏசவில்லை. விரித்துப் பார்த்து, நல்ல தையல், புத்தளத்தில வாங்கிற காசு மிச்சம் என்றாள்.

சனிக்கிழமை முதல் பாவசங்கீர்த்தனம். லீசிங் பெடியனுக்குச் சொன்ன பொய்களை எல்லாம் நிலானி சொன்னாள், எத்தனை தரம் என்று தெரியாது ஃபாதர், கனதரம் என்றாள். பிராயச்சித்தமாக அவர் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். சொல்லி எழும்பியபோது கால் இரண்டும் பாரமில்லாமல் இருந்தன. ஃபாதர் தருகிற பிராயச்சித்தத்தைச் செய்து முடித்தால்தான் பாவம் போகும் என்று சிஸ்டர் படிப்பித்திருந்தார்.

ஞாயிறு காலை பதினெட்டுப் பிள்ளைகள் இரண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு பெண். நிலானிக்குப் பின்னால் மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது. திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். திரிகள் கொளுத்துகிற நேரம் வந்தது. பின்னால் நிற்பதற்கு மெரினா எழும்பி வந்தாள். நிலானி, வேணாம் அம்மா, மாமி வருவா என்று கையால் தடுத்தாள். அதைக் கண்டு சிஸ்டர் வந்தார், சிஸ்டருக்குப் பின்னால் ஃபாதரும் பீடத்திலிருந்து இறங்கி வந்தார்.

“ஞானத்தாய் எங்க மகள்?”

“வருவா ஃபாதர். அவவுக்குப் பங்கில்ல எண்டு அப்பா சொன்னவர். ஆனா கடிதம் வந்திட்டுது.”

அந்த வளவுச் சண்டை தெரியாத ஒருவர் அங்கே இல்லை. ஃபாதர் மட்டும் ஊருக்குப் புதியவர், பிள்ளை சொன்னதற்கு நேரே பதில் சொன்னார். “யூஜீனியா எங்கட பங்குதானே? அவவுக்குப் பங்கு இல்லையெண்டு ஆர் சொல்ல ஏலும்?”

நிலானி முழுசாகத் திரும்பினாள். மூன்றாவது வரிசை வாங்கில் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்த தகப்பனைப் பார்த்து, சந்தோசம் தாங்காமல் உரத்துச் சொன்னாள். “அப்பா, மாமிக்குப் பங்கு இருக்காம்!”

பின்பக்கம் யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். தோமஸ் எழும்பி, யாரையும் பாராமல் நடு வழியால் வெளியே போனான். மாமியைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நிலானி நம்பினாள். மற்றப் பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள், இப்ப வருவா சிஸ்டர் என்றாள். கடைசிப் பிள்ளையாகக் கொளுத்தாத திரியோடு முதல் நன்மை வாங்கினாள். நாக்கில் வைத்தது கரைகிற வரைக்கும் வாசலைத்தான் பார்த்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், தோமஸ் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றான். மாமி எங்க என்று கேட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “சனத்துக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிட்டாய்” என்றான். கட்டின பெண்ணிடம் காட்ட ஏலாத, கொழும்பு ஆளிடம் காட்ட ஏலாத கோபம், ஒன்பது வயசுப் பிள்ளையிடம் காட்ட முடிந்திருக்கிறது அவனுக்கு. நல்ல ஆம்பிளை!

வீட்டுக்கு வந்ததும் நிலானி வெள்ளை உடுப்போடு கம்பிக்குள்ளால் நுழைந்தாள். முள்ளு கொளுவி, தைத்த விளிம்பு கிழிந்தது. மாமியின் கதவில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வளவு ஜெய்னம்பு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவள், கிட்ட வந்தாள்.

“யூஜீனியாக்கா விடியப் பஸ்ஸில போயிட்டா மகள். கொழும்பில ஏஜென்சிக்காம், திரும்பவும் குவைத்துக்குப் போகப் போறாவாம். வீட்டுத் திறப்பு என்னட்டத்தான் இருக்கு.” சொல்லலாமா விடலாமா என்று பிள்ளையைப் பார்த்தாள், பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. “ராவெல்லாம் அழுதா. தம்பி வெட்டினாலும் பொறுத்திருப்பன், அந்தப் பிள்ளையின்ர வாயால சொல்ல வச்சிட்டானே எண்டு அழுதா. புள்ள சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சாம்.”

நிலானி அங்கேயே மணலில் இருந்துவிட்டாள். பங்கு என்றால் என்ன, கடிதம் என்றால் என்ன என்று அவளுக்கு இப்பவும் சரியாக விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. வரவேணாம் என்று சொன்னது அவள்தான். ஓம் என்று சொன்னதும் அவள்தான்.

அடுத்த சனிக்கிழமை தானாகவே நடந்து கோயிலுக்குப் போனாள். திரி பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளில் நின்று, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபாதருக்குச் சொன்னாள்.

“ஃபாதர், நான் என்ர மாமியை அனுப்பிட்டன். அப்பா சொல்லிவிட்டவர் எண்டு பொய் சொன்னன். அவ திரும்பக் குவைத்துக்குப் போறா.”

இப்போது ஃபாதருக்கும் ஊர்க்கதை எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று கேட்டது.

“அது உன்ர பாவம் இல்ல மகள்.”

“அப்ப ஆருடையது ஃபாதர்?”

ஃபாதர் கையை உயர்த்தி ஆசீர்வதித்து, சமாதானமாய்ப் போ என்றார். நிலானி எழும்பவில்லை. பிராயச்சித்தம் சொல்லுவார், மூன்று அருள்நிறை மரியே போதாது, கனக்க வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற மனுசி இருமினாள். ஃபாதர் திரும்பவும் போகச் சொன்னார்.

ஒன்றும் தராமல் அனுப்பிவிட்டார். செய்து முடிக்க ஒன்றும் இல்லையென்றால் இந்தப் பாவம் போகாது என்று நிலானிக்குத் தெரியும், சிஸ்டர் அப்படித்தான் படிப்பித்தவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக் கேட்டடியில் லீசிங் பெடியன் மோட்டார்சைக்கிளோடு நின்றான். அப்பா எங்க தங்கச்சி என்று கேட்டான். நிலானி அவனை ஒருக்கால் பார்த்தாள், குசினி ஜன்னலை ஒருக்கால் பார்த்தாள்.

“தெரியாது. இனி என்னட்டக் கேக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் கம்பியடிக்குப் போய்க் குந்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மெசின் ஓடவில்லை.